வண்டியில் வந்த ஆயி

ஏர்முனை ஆயி எப்படி வந்தாள் என்று கீழமாதேவியில் யாரைக் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கருவேலங்காட்டைத் திருத்தி ஏர் ஓட்டியபோது கொழு எதிலோ முட்டியது, மாடு நின்றது, மண்ணுக்குள்ளிருந்து ரத்தம் கொப்பளித்தது, தோண்டிப் பார்த்தால் கல்லாக ஆயி நின்றாள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பூசாரி காசிநாதனுக்குத் தெரியும், ஆயி மாட்டு வண்டியில் வந்தவள். வைக்கோல் மெத்தையில் சொகுசாகப் படுத்துக்கொண்டு வந்தாள். அவள்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே வந்த பொடியன் அவர்தான்.

இந்த உண்மையை அறுபது வயதில் அவர் தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு ஈ, காக்கைகூட நம்பவில்லை.

கீழமாதேவி ஜெயங்கொண்டம் பக்கம். குடிநீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால் கங்கைகொண்டசோழபுரத்துக் கோபுரம் தெரியும். ராஜா ஆண்ட ஊருக்குப் பக்கத்து ஊர் என்ற பெருமை பேச்சில் மட்டும்தான். மற்றபடி கத்தரி நட மண்ணைக் கொத்தினால் பழைய செங்கல் வந்து மண்வெட்டியை மழுக்கும், அவ்வளவுதான் ராஜா விட்டுப்போன சொத்து. அந்தக் காலத்து மாதேவி ஏரி இப்போது ஏரியே இல்லை. கரை எங்கேயோ உடைந்து, உழவாகி, முந்திரிக் கொல்லையாகி, எது ஏரி எது மேடு என்று கடவுளுக்கே தெரியாமல் கிடக்கிறது. அதன் கிழக்கு ஓரமென்று சொல்லப்படும் இடத்தில்தான் காசிநாதனின் அப்பா அமாவாசையும் அவருடைய பங்காளிகளும் குடிசை போட்டார்கள்.

குடிசை போட்ட கொஞ்ச நாளிலேயே, இது ஏரிப் புறம்போக்கு, காலி செய் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. அமாவாசை படிக்காதவர்தான், ஆனால் சந்தையில் காதைத் திறந்து வைத்திருப்பவர். சாமி இருக்கிற இடத்தில் சர்க்கார் கை வைக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு வந்தார். மேற்கே ஒரு மைல் தள்ளி, முந்திரிக் கொல்லைகளுக்கு அப்பால், உடைந்த கரையின் மிச்சத்தில் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. ஆளுயரம். மேலெல்லாம் கீறல் கீறலாக எழுத்து. ஆடுகள் அதில் முதுகைச் சொறிந்துகொள்ளும். ஒரு விடியற்காலையில் வண்டியைக் கட்டிக்கொண்டு போய் அதைத் தூக்கி வந்தார்கள். வழியில் கல் லொடலொடத்து ஊரை எழுப்பிவிடக்கூடாது என்று அமாவாசையின் தங்கை சுந்தராம்பாள் இரண்டு கட்டு வைக்கோலைப் பரப்பிவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

தெருவின் கிழக்குக் கோடியில் வண்டி நின்றதும் அமாவாசை மகனின் முதுகில் ஒரு அறை விட்டார். "எறங்குடா. இனிமே அது சாமி."

அது வரைக்கும் கல்தானே என்று கேட்கிற வயசில்லை அவருக்கு. முதுகைத் தேய்த்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். குழி தோண்டினார்கள். குழிக்குள் நவதானியம் போட்டார்கள். காசு போடாமல் சாமி நிலைக்காது என்று வீட்டுக்கு வீடு கையில் இருந்த ஐந்து பைசாக்களை எல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். அதன்மேல் கல்லை நட்டார்கள். மஞ்சளும் குங்குமமும் அப்பி, கற்பூரத்தை அணைத்து எல்லாரும் சத்தியம் செய்தார்கள். ஆயி வண்டியில் வந்தாள் என்று எவன் வாயைத் திறந்தாலும் அவன் குடும்பம் விளங்காது. ஏர், கொழு, ரத்தம் எல்லாம் அமாவாசையின் கற்பனை. நல்ல கற்பனை என்றுதான் சொல்லவேண்டும். மறுபடி வந்த ஆபீஸ்காரர்கள் எலுமிச்சம்பழத்தையும் எண்ணெய் வழியும் கல்லையும் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

ஐம்பது வருஷம் அந்தப் பொய் தெருவைக் காத்தது. குடிசைகள் ஓட்டு வீடுகளாயின, ஒன்றிரண்டு மாடிகூட ஏறியது. கரண்ட் வந்தது, குழாய் வந்தது, ரேஷன் கார்டு வந்தது. பட்டா ஒன்றுதான் வரவில்லை. சத்தியம் செய்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏர்முனைக் கதை மட்டும்தான் தெரியும். கடைசியில் வண்டியை நேரில் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் காசிநாதன். இன்னொருவர் வேப்பந்தட்டையில் மகள் வீட்டோடு இருக்கும் சுந்தராம்பாள் அத்தை.

இத்தனைக்கும் எல்லாம் பட்டா ஆசையில் வந்த வினை. போன மழையில் காசிநாதன் வீட்டுப் பின்சுவர் பிளந்தது. அவர் மனைவி சிந்தாமணி அந்தப் பிளவுக்குள் பழைய சேலையை அடைத்து வைத்துக்கொண்டு, தினமும் அதைக் காட்டிக் காட்டிப் பேசினாள். சர்க்கார் தொகுப்பு வீட்டுக்கு எழுதிப் போட்டால் பட்டா எங்கே என்றார்கள். தெருவில் எல்லாருக்கும் இதே பாடு. அப்போதுதான் காசிநாதனுக்கு அந்த யோசனை வந்தது. ஆயியின் உடம்பில் எழுத்து இருக்கிறதே. அது ஆயிரம் வருஷத்து எழுத்து என்று யாராவது படித்தவர் சொல்லிவிட்டால், தெருவும் ஆயிரம் வருஷத்துத் தெரு ஆகிவிடாதா? பட்டா கொடுக்காமல் எங்கே போவார்கள்?

நல்ல யோசனை என்று தெருவே அவர் முதுகில் தட்டியது. அவரே ஜெயங்கொண்டம் போய், கல்வெட்டுப் படிக்கிற கல்லூரி வாத்தியார் தமிழழகனைக் கையோடு அழைத்து வந்தார். சிந்தாமணி சீயக்காய் போட்டுத் தேய்த்து ஐம்பது வருஷத்து எண்ணெயை எடுத்தாள். எழுத்து எடுப்பாகத் தெரிய தமிழழகன் அதன்மேல் மாவைத் தடவினார். கூட வந்த பையன் செல்போனில் படம் பிடிக்க, காசிநாதன் துண்டைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாகச் சொன்னார்.

"எங்க ஆயி தானா மொளைச்சவங்க சார். ஏர்க்கொழு பட்டு ரத்தம் வந்துச்சு. ராஜா காலத்துலேர்ந்து இந்த எடத்த விட்டு ஒரு சாண் நகரல."

தமிழழகன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். முகம் முதலில் மலர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, கல்லுக்கு மேற்கே வரிசையாக நின்ற வீடுகளைப் பார்த்தார். மலர்ந்த முகம் சுருங்கிப்போனது.

"இக்கல்லுக்கு மேற்கு மாதேவிப் பேரேரி நீர்நிலம். இதனுள் குடியிருக்கவும் உழவும் பெறார்." படித்துவிட்டு மெதுவாகச் சொன்னார், "ஐயா, இது ஏரியோட எல்லைக் கல்லுங்க."

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவரைக் குறை சொல்ல முடியாது. சேதி அவர் வாயிலிருந்து போகவில்லை, அந்தச் செல்போன் படத்திலிருந்து போனது. காசிநாதனின் கம்பீரம் ஊர் ஊராகப் பரவியது. மாதேவி ஏரியை மீட்கச் சொல்லிக் கோர்ட்டில் ஒரு வழக்கு கிடந்தது. பழைய வரைபடத்தில் கிழக்குக் கரை வெறும் புள்ளிக் கோடு, அதை எங்கே வைத்து அளப்பது என்று தெரியாமல் அதிகாரிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இப்போது கல்லே வந்து வாயைத் திறந்துவிட்டது. ஒரு சாண்கூட நகராத கல் என்று பூசாரியே சாட்சி. சர்வேயர் வந்தார், டேப்பை இழுத்தார், பதினான்கு வீட்டுச் சுவரிலும் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் சிந்தாமணி குறி போட்ட சுவருக்கு முன்னால் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். காசிநாதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கல்யாணமான நாளிலிருந்து அவளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னார்.

"ஆயி வண்டியில வந்தது, சிந்தாமணி. அந்தக் கல்லு மொதல்ல கெடந்தது முந்திரிக் கொல்லைக்கு அந்தாண்ட. ஏரி அதுக்கு மேக்கதான். நம்ம தெரு ஏரிக்குள்ளயே இல்ல."

அவள் சட்டியை விட்டு எழுந்துகொண்டாள்.

"வாயக் கழுவுங்க மொதல்ல," என்றாள். "வூடு போவப்போற நேரத்துல ஆயியவும் சேத்துத் தொலைக்கணுமா?"

மறுநாள் தமிழழகனைத் தேடிப் போனார். மனுஷன் நல்லவர், பொறுமையாகக் கேட்டார், அவருக்கு உற்சாகம்கூட வந்துவிட்டது. கல் முதலில் இருந்த இடத்தைக் காட்டினால் போதும், அடிக்கல்லோ கரையின் கட்டுமானமோ ஏதாவது இருக்கும் என்றார். இரண்டு பேரும் அவருடைய மோட்டார் சைக்கிளில் போனார்கள். முந்திரிக் கொல்லையைத் தாண்டியதும் காசிநாதன் நிறுத்தச் சொல்லி இறங்கினார். கரையும் இல்லை, மேடும் இல்லை. நாலுவழிச் சாலைக்குக் கிராவல் அள்ளிய குழி ஒன்று பனை ஆழத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அடியில் செந்தண்ணீர் தேங்கி, இரண்டு எருமைகள் மூக்கை மட்டும் நீட்டிக் கிடந்தன.

"இங்கதாங்க," என்று குழியைக் காட்டினார். காட்டும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வேற ஏதாவது சாட்சி இருக்குங்களா?"

"இருக்கு. ஆயிக்கு அடியிலயே இருக்கு. அஞ்சு பைசாக் காசு. எங்கப்பா போட்டாரு, நான் பாத்தேன். தூக்கிப் பாத்தா முடிஞ்சு போச்சு. சோழராஜா காலத்துல அஞ்சு பைசா ஏதுங்க?"

தமிழழகன் சிரித்துவிட்டார். காசிநாதனும் சிரித்தார். சுண்ணாம்புக் குறி விழுந்த பிறகு அவர் சிரித்தது அது ஒருமுறைதான்.

ஏரியை மீட்க வந்திருந்த அதிகாரியும் ஈவிரக்கம் இல்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. தமிழழகன் சொன்னதைக் கேட்டுவிட்டு, தூக்கிப் பார்க்கலாம், ஆனால் தெருவே சேர்ந்து சம்மதிக்கவேண்டும் என்றார். சாமி விஷயம். பக்கத்தில் ஒரு ஊரில் வேல் ஒன்றை நகர்த்தப் போய் தாசில்தார் ஜீப் கண்ணாடி நொறுங்கியது போன மாதம்தான். நீங்களே ஒத்துக்கொண்டு வாருங்கள், நானே நின்று தூக்குகிறேன், காசு இருந்தால் கல் இடம் மாறியது என்று எழுதிவிடுகிறேன், வீடு தப்பும், பட்டாவுக்கும் வழி பிறக்கும் என்றார்.

இவ்வளவு லேசான காரியமா என்று காசிநாதன் கிட்டத்தட்ட ஓடி வந்தார். தெருவைக் கூட்டினார். எல்லாவற்றையும் சொன்னார். சத்தியத்தை மீறுகிறோமே என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் யாரும் பேசவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போனார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டார், பைத்தியக்கார மனுஷன்.

எதிர்வீட்டுத் தங்கசாமிதான் முதலில் எழுந்தான். லாரி ஓட்டுகிறவன். அவருக்குத் தம்பி முறை.

"ஏண்ணே, நீதான வீடியோவுல தானா மொளைச்சுதுன்ன? இப்ப வண்டியில வந்துச்சுங்கிற. இதுல எது பொய்யி?"

"அது பொய்டா. இதுதான் நெசம்."

"ஒன் வாயால தெருவு போச்சு. இப்ப அந்தப் பழிய ஆயி மேல தூக்கிப் போடற."

"தம்பி, தூக்கிப் பாத்தா அடியில காசு இருக்கும்டா. இல்லாட்டி என்னைக் கட்டி வச்சு அடிங்க."

"ஆயிய அடியோட பேத்துப் பாக்கணுமா? பேக்கறவன் கை இருக்குமா?"

பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். ஜோதி என்கிற பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். இந்தப் புள்ள மூச்சில்லாமப் பொறந்துச்சு மாமா, ஆயி மண்ணத்தான் பூசினேன், அப்புறம்தான் அழுதுச்சு, அப்ப அது வெறும் கல்லா என்று கேட்டாள். கேட்டது கோபத்தில் இல்லை. இல்லை என்று அவர் வாயால் சொல்லவேண்டும் என்று கெஞ்சினாள். ஐம்பது வருஷம் அவரும் அதே கல்லுக்குத்தான் மணியாட்டினார், மகள் வளர்மதிக்கு அம்மை போட்டபோது அந்தக் கல்லின் காலில்தான் விழுந்து கிடந்தார். வண்டியில் வந்தவள் என்று தெரிந்தும்தான் கிடந்தார். அதை எப்படி இவர்களுக்குச் சொல்வது?

கடைசியில் தங்கசாமி ஒரு வார்த்தை சொன்னான். வேப்பந்தட்டை அத்தை இருக்கிறாள், அவள் பொய் சொல்லமாட்டாள். அவள் வந்து வண்டியில் வந்தது என்று சொல்லட்டும், நாங்களே கடப்பாரையை எடுத்துத் தருகிறோம். எல்லாரும் சரி என்றார்கள். காசிநாதன் அங்கேயே ஆயியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அரியலூர் போய், பெரம்பலூர் மாறி, வேப்பந்தட்டையில் இறங்கும்போது உச்சி வெயில். சுந்தராம்பாள் வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான். ஒரே மகன் கிணறு வெட்டும்போது வெடி பட்டுச் செத்தான். அதற்குப் பிறகும் வருஷம் தவறாமல் ஆடியில் கீழமாதேவிக்கு வந்து ஆயிக்குப் பொங்கல் வைத்துவிட்டுப் போகிறவள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். வீடுகளைப் பற்றி, சுண்ணாம்புக் குறியைப் பற்றி, அவள் ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது என்று சொல்லும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அழுவாதடா. நான் வரேன்," என்றாள் சுந்தராம்பாள். "ஆயி முன்னாடி நின்னு உள்ளதச் சொல்றேன். அதுக்கென்ன?"

"வைக்கோல் பரப்பினியே அத்த, ஞாபகம் இருக்குல்ல?"

"வைக்கோலா?" முறத்தைக் கீழே வைத்தாள். "எத்தினியோ வைக்கோல் பரப்பியிருக்கேன்டா, நம்ம மாட்டுக்கும் மனுசருக்கும். நீ சாப்புடு மொதல்ல."

அந்தப் பதிலில் அவர் கொஞ்சம் நின்று யோசித்திருக்கவேண்டும். பசியும் சந்தோஷமும் சேர்ந்து யோசிக்க விடவில்லை. இரண்டு வாய்க் களி கூடவே சாப்பிட்டார்.

விசாரணை ஆயி முன்னாலேயே நடந்தது. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்தார். தமிழழகன் அவருக்குப் பின்னால் நின்றார். தங்கசாமி சொன்னபடியே ஒரு கடப்பாரையைக் கொண்டுவந்து மரத்தில் சாய்த்து வைத்திருந்தான். சுந்தராம்பாள் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, ஆயியை மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து எழுந்தாள். நெற்றி முழுக்கத் திருநீறு.

"பெரியம்மா, பயப்படாம சொல்லுங்க. இந்தக் கல்லு இங்க எப்படி வந்துச்சு?"

அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. ஆயியைத்தான் பார்த்தாள்.

"வரல சாமி. இருந்தா. எங்கண்ணன்தான் ஏரு ஓட்டுச்சு. நான் கஞ்சி கொண்டாந்தேன். மாடு நின்னுக்கிட்டு நகரல. அண்ணன் குனிஞ்சு மண்ணத் தள்ளிச்சு. ரத்தம் சாமி. குபுகுபுன்னு. இந்த முந்தானையிலதான் தொடச்சேன். தொடைக்கத் தொடைக்க ஆயி மொகம் தெரிஞ்சுது."

காசிநாதன் ஓரடி முன்னால் வந்தார்.

"அத்த," என்றார். "அத்த, நீ வண்டிக்குப் பின்னாலயே நடந்து வந்த. நான் கல்லு மேல உக்காந்திருந்தேன். அப்பா என்னை அடிச்சாரு. அடியில காசு போட்டம். நீ ஒன் சுருக்குப் பையத் தொறந்து போட்ட அத்த."

சுந்தராம்பாள் திரும்பி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பொய் இல்லை, பயம் இல்லை, மிரட்டல்கூட இல்லை. காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவ்வளவு பரிவாகப் பார்த்தாள். அவரை உடைத்தது அதுதான். அவள் பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பார்.

"ஒனக்கு அப்ப எட்டு வயசுடா. ஏதோ கனாக் கண்டிருப்ப," என்றாள்.

ஜோதி குலவை போட்டாள். அவளைத் தொடர்ந்து தெருப் பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். தங்கசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு கடப்பாரையை எடுத்துத் தூரப் போட்டான். தங்கள் வீட்டை இடிக்கச் சொல்லிக் குலவை போட்ட ஜனம் இந்த உலகத்தில் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. அதிகாரி இரண்டு தடவை கேட்டார், தூக்கிப் பார்க்க யாருக்காவது சம்மதமா என்று. காசிநாதன் ஒருவர் மட்டும் கையைத் தூக்கினார். சிந்தாமணி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

கூட்டம் கலைந்தபின் அத்தையைப் பஸ் ஏற்றப் போனவர் அவளிடம் கேட்டார். "ஏன் அத்த இப்படிப் பண்ணின?"

"நான் என்னடா பண்ணினேன்? கண்டதச் சொன்னேன்." பஸ் படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "அது கல்லா இருந்தா எம்மவன் செத்த அன்னைக்கே நானும் போயிருப்பேன்டா. யாரு புடிச்சு நிறுத்தினதுங்கிற?"

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார்கள். இரண்டு வேன் போலீஸ், இரண்டு ஜேசிபி. மேட்டாங்காட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். யாரும் கல் எறியவில்லை, யாரும் மறிக்கவில்லை. ஆயி ஏதாவது செய்வாள் என்று கடைசிவரை நம்பி, சாமான்களைக்கூடச் சரியாக எடுத்து வைக்காமல் நின்றார்கள். முதல் வீட்டுச் சுவர் சாய்ந்தபோது இயந்திரம் நின்றுபோகும் என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. தங்கசாமி கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றான். காசிநாதன் வீட்டின் பின்சுவர் இடிபட்டபோது, பிளவில் அடைத்திருந்த பழைய சேலை புழுதியோடு பறந்து வந்து சிந்தாமணி காலடியில் விழுந்தது. அவள் அதை உதறி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

செய்தி கேட்டு வேப்பந்தட்டையிலிருந்து சுந்தராம்பாளும் வந்திருந்தாள். தெரு மண்ணானதைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். காசிநாதனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் உள்ளே ஏதாவது மிச்சம் இருக்கவேண்டும்.

சாயங்காலம் ஆயியின் முறை வந்தது. எழுத்து உள்ள கல்லாகையால் கங்கைகொண்டசோழபுரத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கப் போகிறார்களாம். அன்றைக்கு ஊர் சம்மதம் கேட்டவர்களுக்கு இன்றைக்குச் சம்மதம் தேவைப்படவில்லை, போலீஸ் இருந்தது. பூசாரி என்ற முறையில் காசிநாதனைக் கூப்பிட்டுக் கடைசியாகக் கற்பூரம் காட்டச் சொன்னார்கள். காட்டினார். பெல்ட்டைச் சுற்றிக் கட்டி இயந்திரம் இழுத்தது. ஆயி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மண்ணோடு மேலே எழுந்தாள்.

குழிக்குள் காசு கிடந்தது. ஈர மண்ணில் ஒட்டிக்கொண்டு, வெளுத்துப்போய், நாலு மூலையும் மழுங்கிய சதுரக் காசுகள்.

கல்லைப் பத்திரமாக ஏற்றிவிட வந்திருந்த தமிழழகன் குழிக்குள் குதித்தார். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு. அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி காசைப் பார்த்தார், பிறகு தெரு இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே செங்கல்லும் ஓடும் தவிர வேறெதுவும் இல்லை. அவர் வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்து, காசைத் தமிழழகனிடமே கொடுத்துவிட்டு ஜீப் பக்கம் போனார்.

காசிநாதன் குழியைக் காட்டினார். "பாருங்க," என்றார். சத்தமாகச் சொல்ல நினைத்தார், வெறும் காற்றுதான் வந்தது. "பாருங்க, எல்லாரும் வந்து பாருங்க. நான் சொன்னன்ல?"

வந்து பார்த்தார்கள். ஜோதிதான் முதலில் குழிக்குள் இறங்கினாள். ஒரு காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஆயி நமக்குக் காசு விட்டுட்டுப் போறா," என்றாள்.

அவ்வளவுதான். தெருவே குழிக்குள் இறங்கிவிட்டது. தங்கசாமி மண்ணை விரலால் கிளறினான். பெண்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள். போகிற இடத்தில் கொட்டகைக் காலுக்கு அடியில் போடவேண்டும் என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னாள். அந்தக் காசில் இருந்த வருஷத்தை ஒருவரும் படிக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துக் கண்ணில்தான் ஒற்றினார்கள். சிந்தாமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் கையைப் பிரித்து ஒன்றை வைத்து மூடினாள்.

"உங்க பங்கு. பத்திரமா வச்சுக்கங்க," என்றாள். இரண்டு வாரமாக அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

ஆயியை ஏற்ற டிராக்டர் டிரெய்லர் வந்து நின்றது. பெல்ட்டில் தொங்கிய கல்லை மெதுவாக இறக்கப் போனார்கள்.

"இருங்க, இருங்க," என்று ஒரு குரல் கேட்டது.

சுந்தராம்பாள். இடிந்த வீட்டுக் கொல்லையில் மிச்சம் கிடந்த போரிலிருந்து இரண்டு கை நிறைய வைக்கோலை அள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. டிரெய்லரில் ஏறி, தலைமாட்டில் கனமாகவும் கால்மாட்டில் லேசாகவும், எங்கெங்கே எவ்வளவு என்று தெரிந்தவள்போலப் பரப்பினாள்.

"வெறுந்தகரத்துல வச்சா வழியெல்லாம் லொடலொடங்கும்," என்றாள் டிரைவரிடம். "இப்ப எறக்குங்க."

காசிநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு இறங்கினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆயி வைக்கோலில் படுத்தாள்.

டிராக்டர் கிளம்பியது. சுந்தராம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதற்குப் பின்னால் நடந்தாள். அவளுக்குப் பின்னால் சிந்தாமணி, ஜோதி, தங்கசாமி, எல்லாரும் நடந்தார்கள். கல் ஒரு சத்தமும் போடவில்லை. ஊர் எல்லைவரை ஆயி வண்டியில் போவதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு போனது. காசிநாதன் மட்டும் குழியோரத்தில் உட்கார்ந்து, கையை விரித்து, அந்த வருஷத்தைத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தார்.